குட்டியானையில் வந்த பதினாலு கம்ப்யூட்டர்

மலருக்கு வரலாறு எழுதணும்னு கூட்டத்துல சொன்னப்போ எல்லாரும் சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன்னு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மிஞ்சினது நம்ம ஆபீஸ் பின்னாடி இருக்கிற கம்ப்யூட்டர் அறை. பத்தாவது படிச்சவ நான், கம்ப்யூட்டர் வரலாறு எழுதலாமான்னு முதல்ல தயங்கினேன். அந்த அறையில ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி என்பதால எழுதறேன்.

முன்கதை பழைய அக்காமார்களுக்குத் தெரியும். நம்மகிட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. 2015 டிசம்பர் மழையில தின்னனூர்ல ஏரித் தண்ணி தெருவுக்கு வந்தப்போ தரையில இருந்த அதுவும் முங்கிடுச்சு. அதுக்கப்புறம் எது அடிக்கணும்னாலும் வெளியில ஒரு கடைதான். பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு. காசு போனாக்கூடப் பரவாயில்லை. ஒரு தடவை எங்க குழுவோட கடன் மனுவுல கணக்கு எண்ணை மாத்தி அடிச்சுட்டாங்க. மனு திரும்பி வந்து, திருத்திப் போய், பணம் கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஸ்கூல் திறந்தாச்சு. ஃபீஸ் கட்ட என் தோடு அடகுக்குப் போச்சு. நம்ம கணக்கை நாம அடிச்சிருந்தா அந்தத் தப்பு நம்ம கண்ணுக்குப் பட்டிருக்கும்.

2022ல ஒரு கல்லூரியில லேப் மாத்தினாங்க. பழசை எடுத்துக்கிறீங்களான்னு கேட்டாங்க. தலைவி அக்கா சரின்னு சொல்லிட்டாங்க. குட்டியானையில பதினாலு பெட்டி வந்து இறங்குச்சு. என் வீட்டுக்காரர் பார்த்துட்டு, "காயலான் கடைக்குப் போற சாமானை வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க"ன்னு சிரிச்சார். பூசலார் நாயனார் மனசுலயே கோயில் கட்டின ஊர் நம்ம ஊர். ஆனா கம்ப்யூட்டரை மனசுல கட்ட முடியாது.

இத்தனை பெட்டியை ஒரே நேரத்துல ஏற்பாடு பண்றதை நம்மை விடப் பெருசா செஞ்சவங்க பக்கத்து மாநிலத்துலயே இருக்காங்க. பாலக்காட்டுல டீச்சரா இருக்கிற எங்க நாத்தனார்தான் முதல்ல சொன்னாங்க. கேரளாவுல நம்மள மாதிரிப் பெண்கள் அமைப்பு குடும்பஸ்ரீ. அது 1998ல மலப்புறத்துல தொடங்கினது. 2002 நவம்பர்ல நம்ம அப்துல் கலாம் அய்யா அட்சயா திட்டத்தைத் தொடங்கி வச்சார். வீட்டுக்கு ஒருத்தராவது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இருக்கணும்கிறது அதோட நோக்கம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2001ல, பள்ளிக்கூடங்களுக்காக 'ஐடி அட் ஸ்கூல்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

அங்கே முதல்ல காசு கொடுத்து வாங்கற விண்டோஸ்தான் இருந்துச்சு. ஆசிரியர் சங்கத்துலயே எதிர்ப்பு வந்துச்சு. ஒரு கம்பெனியோட பொருளை ஏன் பிள்ளைங்களுக்குப் பாடமா வைக்கணும்னு கேட்டாங்க. கட்டற்ற மென்பொருளுக்காக 1983லயே கிளம்பின அமெரிக்காக்காரர் ரிச்சர்ட் ஸ்டால்மன், 2001ல திருவனந்தபுரம் வந்து பேசிட்டுப் போயிருந்தார். யாரும் காப்பி எடுக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அவர் கொள்கை. நம்ம ஊர்ல மாவு அரைச்சா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகுமே, அது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா கேரளப் பள்ளிக்கூடம் எல்லாம் லினக்ஸுக்கு மாறுச்சு.

எனக்கு இதுல பிடிச்சது, அந்த வேலையை யார் செஞ்சாங்க என்பதுதான். வெளியாள் இல்லை. கணக்கு டீச்சர், மலையாள வாத்தியார் இவங்களையே பயிற்சி கொடுத்து பள்ளிக்கு ஒருத்தரைப் பொறுப்பாளர் ஆக்கினாங்க. 2017ல அந்தத் திட்டம் 'கைட்'னு கம்பெனி ஆச்சு. 2018ல 'லிட்டில் கைட்ஸ்'னு பிள்ளைங்களையே குழுவா சேர்த்தாங்க. 2019ல புதுப் பதிப்பு கொடுத்தப்போ ரெண்டு லட்சம் கம்ப்யூட்டருக்குப் போகுது, மூவாயிரம் கோடி மிச்சம்னு சொன்னாங்க. வகுத்துப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வருது. அந்த விலைக்கு மென்பொருளை எந்தப் பள்ளிக்கூடம் காசு கொடுத்து வாங்கியிருக்கும்? வரவு செலவு எழுதற எனக்கு அது கொஞ்சம் தாராளமான கணக்காத்தான் தெரியுது. பாதியைத் தள்ளினாலும் மீதி பெரிய தொகைதான்.

நம்ம தமிழ்நாட்டுலயும் நடக்காம இல்லை. சென்னையில இருக்கிற சி-டாக் நிறுவனம் 2007ல 'பாஸ்' என்கிற இந்திய லினக்ஸைக் கொண்டு வந்துச்சு. 2011 செப்டம்பர் 15ல இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். எல்காட் மூலமா லட்சக்கணக்குல வாங்கினாங்க. பிளஸ் டூ படிச்ச என் கொழுந்தனாருக்கும் ஒண்ணு கிடைச்சுது. எங்க தெருவுல முதல் லேப்டாப் அது. ரெண்டு வருஷத்துல பேட்டரி போச்சு, சரி பண்ண ஆள் தெரியலை, பீரோவுக்கு மேல ஏறிடுச்சு. கொடுத்தது பெரிய காரியம், அதுல எனக்குக் குறை இல்லை. ரிப்பேர் பார்க்கிற கையையும் பக்கத்துலயே வளர்த்திருந்தா அது இறங்கி வந்திருக்கும்.

சரி, நம்ம பதினாலுக்கு வரேன். எங்களுக்கு வாத்தியார், பாலிடெக்னிக் படிக்கிற நம்ம உறுப்பினர் மக. பெட்டியைத் திறந்தா உள்ளே பஞ்சு மெத்தை மாதிரித் தூசி. பெயிண்ட் பிரஷ்ல தட்டி எடுத்தோம். ரேம் பட்டையைக் கழட்டி, அதோட பொன் நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால துடைச்சு மாட்டச் சொன்னா அந்தப் பொண்ணு. நம்பவே இல்லை நான். செத்துக் கிடந்த ரெண்டு பெட்டி அந்த ரப்பராலயே எழுந்துச்சு! மூணு பெட்டி எழவே இல்லை. அதுல இருந்த ரேம், பவர் சப்ளை எல்லாத்தையும் மத்ததுக்கு மாத்தினோம். பழைய புடவையைக் கிழிச்சு இன்னொண்ணுக்கு ஒட்டுப் போடற வேலைதான். பதினாலுல பதினொண்ணு தேறுச்சு.

எல்லாத்துலயும் தேதி தப்பா காட்டுச்சு. உள்ளே காசு அளவுல ஒரு பேட்டரி இருக்கு. அது தீர்ந்தா கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு என்ன நாள்னு தெரியாது. தேதி பழசா இருந்தா பாங்க் தளம் திறக்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பதினொரு பேட்டரிக்கும் வேகமா ஓடற எஸ்எஸ்டி டிஸ்க் நாலுக்கும் நானும் பொருளாளர் அக்காவும் ரயில் ஏறி சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி தெரு போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "உங்க பையன் வரலையாம்மா?"ன்னு கேட்டார். பொருளாளர் அக்கா அவர்கிட்ட நாலு டிஸ்குக்கும் பில் போட வச்சு, வாரண்டி சீல் குத்தின பிறகுதான் காசை எண்ணினாங்க.

டிஸ்குகள்ல கல்லூரிப் பிள்ளைங்க போட்டோ, மார்க் விவரம் எல்லாம் அப்படியே இருந்துச்சு. நம்ம ஆதார் நகல் யார் கையிலயோ கிடந்தா நமக்கு எப்படி இருக்கும்? சும்மா டெலிட் பண்ணினா போகாதாம். முழுக்கப் பூஜ்யத்தை எழுதி அழிக்கணும். ஒரு டிஸ்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்கே மூணு நாள் போச்சு. காத்திருக்கும்போது சமையல் பேச்சுதான்.

அப்புறம் ஒரு பெட்டியில மட்டும் லினக்ஸ் மின்ட் போட்டோம். தமிழ்99 விசைப்பலகை, பிரிண்டர், நம்ம வரவு செலவுத் தாள் எல்லாம் சரி பண்ணினோம். அதைத் தைவான்ல உருவாக்கின 'குளோன்ஜில்லா'ங்கிற இலவச மென்பொருளால அச்செடுத்தோம். அந்த அச்சை மத்த பத்துக்கும் இறக்கினோம். ஒவ்வொண்ணாப் போட்டிருந்தா பொங்கல் வந்திருக்கும். அச்செடுத்ததால ஒரே நாள்ல முடிஞ்சுது. தப்பு ஒண்ணு பண்ணினோம். பதினொண்ணுக்கும் ஒரே பேர். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குக் கோப்பு அனுப்பினா எங்கே போகுதுன்னே தெரியலை. பிறகு மல்லி, முல்லை, சாமந்தின்னு தனித்தனியா பேர் வச்சோம்.

பழைய தீர்மானங்கள் ஒரு சிடியில, பீரோ மேல் தட்டுல, மழையில தப்பிச்சு இருந்துச்சு. திறந்தா ஒரு எழுத்தும் தமிழா இல்லை, வெறும் குறி. அது வானவில் எழுத்துருவுல அடிச்சது. அரசாங்கமே 2010ல யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுச்சு, நம்ம கோப்பு அதுக்கு முந்தினது. மாத்தித் தர மென்பொருள் இருக்கு. ஆனா அங்கங்கே எழுத்து விட்டுப் போச்சு. சந்தா தொகையை எல்லாம் கையெழுத்துப் புத்தகத்தோட ஒப்பிட்டு நாலு பேர் உக்காந்து திருத்தினோம்.

போன கடன் மனுவை மல்லியில நான்தான் அடிச்சேன். கணக்கு எண்ணை ரெண்டு பேர் சத்தமாப் படிச்சு சரி பார்த்தாங்க. இப்போ ஒன்பது பெட்டி ஓடுது. முல்லைக்கு மறுபடி பேட்டரி மாத்தணும். சாமந்தி சூடாகி அணையுது, இந்த வாரம் திறக்கப் போறோம்.