பொறியியலாளரின் பெயர்ப்பலகை

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த சிறிய புகையிரத நிலையம் வட்டகொடை. 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரை நீண்ட இருப்புப் பாதை இவ்வூரின் வழியாகவே மலையேறியது. பாதையும் பாலமும், தேயிலைத் தொழிற்சாலையும் அதன் இயந்திரங்களும் பொறியியலின் ஆக்கங்களே. இத்தகைய ஓர் ஊரில் பிறந்த ஒருவர், அவ்வூரிலேயே பொறியியலாளர் என்று பெயர்ப்பலகை நாட்டித் தொழில் நடத்த விரும்பினால், யாருடைய இசைவைப் பெறுதல் வேண்டும்? நேயர்களே, இவ்வினா சிறியது. ஆனால் இதன் விடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

தொடக்கக் காலத்தில் எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை. கோப்பிக் காலத்திலே, 1854இல், ஜோன் வாக்கர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் கண்டியில் இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் தேயிலை வந்தபோது, 1880இல் அவருடைய கம்பனி கொழுந்து உருட்டும் இயந்திரத்தையும் செய்து கொடுத்தது. இயந்திரம் ஓடினால் அதுவே சான்று. ஓடாவிட்டால் மறுமுறை அழைப்பார் இலர். மலையகத்தார் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் அவ்வியந்திரங்களை நாள்தோறும் ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் தோட்டத் தமிழரே. அவர்களுடைய அறிவு கைவழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, ஏட்டிலே பதியப்படவில்லை.

தொழிலறிவை அரசு சோதித்துப் பதிய வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக உருவெடுத்த இடம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். அங்கே ஆற்று நீரைப் பயன்படுத்தும் உரிமை கோரியவர்கள் வரைபடம் கொடுத்தல் வேண்டும். பயிற்சியற்ற பலரும் பொறியியலாளர் என்று கையொப்பமிட்டு, பிழை மலிந்த வரைபடங்களைக் கொடுத்தனர். ஆகவே 1907இல் அம்மாநிலம் பொறியியலாளருக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. டெக்சாஸ் மாநிலமோ பெருந்துயரின் பின்னரே விழித்தது. 1937 மார்ச் மாதத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலையில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அங்கும் சட்டம் பிறந்தது. ஒரு கட்டடம் உறுதியானதா என்று அதனுள் வாழ்பவர் தாமே ஆராய்ந்தறிய இயலாது. அவருக்காக மற்றொருவர் ஆராய்ந்து கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பத்தின் மதிப்பைக் காப்பதே அனுமதிப்பத்திரத்தின் நோக்கம்.

இலங்கையில் இவ்வளர்ச்சி மெல்ல நிகழ்ந்தது. 1906இல் இலங்கைப் பொறியியற் சங்கம் தோன்றியது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் தமது ஆய்வுரையைச் சமர்ப்பித்தது இச்சங்கத்தின் முன்னிலையிலேயாம். அவர் கண்ட இலக்சபானத் திட்டம் 1950இல் மின்சாரம் தந்தது. சங்கத்தின் வழிவந்த பொறியியலாளர் நிறுவனம் 1968இல் பாராளுமன்றச் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. அதன் உறுப்புரிமை பெருமைக்குரிய சான்று. ஆயினும், உறுப்பினரல்லாதார் தொழில் செய்வதை அது தடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியல் பேரவையை அமைத்து, பொறியியல் தொழில் புரிவோர் பதிவு பெறுதல் வேண்டும் என்று விதித்தது. நான்காண்டுப் பட்டமும், அதன்பின் பயிற்சியும், தகுதி மதிப்பீடும் கடந்த பட்டயப் பொறியியலாளருக்கு மட்டுமன்றி, டிப்ளோமா பெற்றோருக்கும் தொழில்நுட்பவியலாளருக்கும் அப்பதிவேட்டில் தனித்தனி வகுப்புகள் உண்டு. இது முதலாவது இசைவு; ஆளின் அறிவுக்கு அளிக்கப்படுவது.

இரண்டாவது இசைவு பெயருக்கு உரியது. தம் சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் நடத்துவோர் அப்பெயரைப் பதிய வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வர்த்தகப் பெயர்கள் கட்டளைச் சட்டம். முதல் உலகப் போரின்போது, பெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்நியர் யார் என அறிவதற்காக இங்கிலாந்து 1916இல் இயற்றிய சட்டத்தின் வழியில் வந்தது இது. ஆதலால், விண்ணப்பதாரரின் தேசிய இனம் யாது என்ற வினாவும் அதனுடன் வந்து சேர்ந்தது. கொழும்பு வர்த்தகருக்கு இது ஒரு வரியில் நிரப்பும் விடயம். மலையகத்தாருக்கோ இஃது எளிதன்று. வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடை எழுதுவதற்கு இம்மக்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தனர்.

மூன்றாவது இசைவு இடத்திற்கு உரியது. வர்த்தகப் பெயரைப் பதியச் செல்பவரிடம் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், தொழில் நடத்தும் இடத்தின் உறுதிப்பத்திரமோ, குத்தகை ஒப்பந்தமோ, உரிமையாளரின் சம்மதமோ கேட்கப்படுவது வழக்கம். கடைவீதியில் அறை ஒன்றை வாடகைக்கு எடுப்பவருக்கு இதில் இடரில்லை. ஆனால் தோட்டத்து நிலமோ பெரும்பாலும் அரசுக்கு உரியது. 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளது. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்திடமும் அவ்வறைக்கு உறுதிப்பத்திரம் இராது. பதிவு பெற்ற பொறியியலாளராயினும், தாம் பிறந்த வீட்டின் முகப்பில் பெயர்ப்பலகை தொங்கவிட அவர் பிறர் சம்மதத்தை நாடி நிற்றல் வேண்டும்.

அறிவைச் சோதிக்கும் முதல் வாயில் கடுமையாக இருத்தல் நன்றே. நியூ லண்டனில் மாண்ட குழந்தைகளை நினைப்போர் அதனைத் தளர்த்தக் கோரார். பெயரின் வாயில் நெடுங்காலம் தாழிடப்பட்டிருந்து திறந்தது. இடத்தின் வாயிலோ இன்னும் பாதியளவே திறந்துள்ளது. மலைச்சரிவின் மண்ணையும், அதில் ஓடும் நீரையும், ஸ்டோரின் இயந்திர ஒலியையும் இளமை முதல் அறிந்த ஒருவர் அம்மலையிலேயே இருந்து தொழில் செய்வது ஊருக்கும் நன்மை. அதற்குத் தேவைப்படுவது சலுகையன்று. வாழும் மண்ணுக்கு ஓர் உறுதிப்பத்திரம்.