முதிரைப் பாலமும் மென்பொருளின் ஆயுளும்

பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833இல் ஜோன் பிரேசர் அமைத்த பாலம், ஆணியோ திருகாணியோ இன்றி முதிரை மரத்தாலேயே பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 205 அடித் தூரத்தை ஒரே வளைவில் தாண்டி நின்று, 1905இல் மாற்றப்பட்டது. மழையில் நனைந்து மரம் நாளடைவில் உளுத்துப்போவதால், அத்தகைய பாலத்தின் உறுதியை ஆண்டுக் கணக்கில் மதிப்பிடுவது பொருத்தமே.

பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்து, 1985இல் அங்கே கணினிப் பொறியியற் துறை தோன்றியபோது, உளுக்கவோ தேயவோ செய்யாத ஒரு படைப்பான மென்பொருளும் பொறியியலின் பொறுப்பில் சேர்ந்தது. மென்பொருளுக்குள் எழுதும்போதே புகுந்துவிடும் பிழை வழு எனப்படும். அந்த வழு இயக்கத்தின்போது வெளிப்பட்டு, எதிர்பார்த்த பணி நிகழாமற் போவதே செயலிழப்பு. குறித்த காலத்துக்குச் செயலிழப்பின்றி இயங்குவதற்கான நிகழ்தகவையே நம்பகத்தன்மை என்பர்.

அந்தக் காலத்தை எவ்வாறு அளப்பது என்பதே மென்பொருள் நம்பகத்தன்மை ஆய்வின் வரலாற்றில் மையக் கேள்வி. ஜெலின்ஸ்கியும் மொராண்டாவும் 1972இல் தொடக்ககால மாதிரியுரு ஒன்றை, அதாவது செயலிழப்புகளின் போக்கைக் கூறும் கணிதச் சமன்பாட்டை, முன்வைத்தனர். எனினும், நாட்காட்டி நாளை விடுத்து, கணினி உண்மையில் மென்பொருளை இயக்கிய நேரத்தையே கணக்கிட வேண்டும் என்று பெல் ஆய்வுகூடத்தின் ஜோன் மூசா 1975இல் வகுத்ததே பெரிய திருப்பம். ஒரு வாரம் முழுவதும் அணைந்து கிடந்த கணினியில் செயலிழப்பு நேராதது மென்பொருளின் சிறப்பாகாது அல்லவா?

மூசா 16 மென்பொருள் தொகுதிகளின் செயலிழப்புகளைப் பதிவுசெய்து வெளியிட்டார். முதலாம் தொகுதியில் 136 செயலிழப்புகள். தொடக்க இடைவெளிகள் 3, 30, 113 விநாடிகள், கடைசி மூன்றோ 1,160, 1,864, 4,116 விநாடிகள். இடையே 9, 2 எனச் சரிவதும் உண்டு. ஆகவே ஓரிரு பதிவுகளை மட்டும் கொண்டு மதிப்பிடுவது தவறு. முதல் செயலிழப்பிலிருந்தே நேரம், விளைவு, திருத்தம் ஆகியவற்றை விடாது குறித்துவந்தாலன்றி இடைவெளிகள் நீளும் இந்த வளர்ச்சி புலப்படாது. விடுபட்ட பதிவைப் பின்னர் ஊகித்து நிரப்புவது மதிப்பீட்டையே கெடுத்துவிடும். இத்தகைய பதிவுகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடாமையால், புதிய மாதிரியுருக்களைச் சோதிப்போர் இன்றும் மூசாவின் தரவுகளை உரைகல்லாகக் கொள்கின்றனர்.