சுலோசன முதலியார் பாலம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் தாமிரபரணியின் குறுக்கே இணைக்கும் கல்வளைவுப் பாலம். 1843-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. வடக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலான வானம் பார்த்த சீமையில், குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடப்பதால், வண்டிகள் ஆற்றில் இறங்கி ஏறியே காலங்காலமாகக் கரை கடந்தன. இரு பருவ மழையாலும் நீர் பெறும் தாமிரபரணியிலோ அது எளிதன்றாகையால், ஜனங்களும் தானிய மூட்டைகளும் படகுத்துறையையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. யார் முந்துவது என்று துறையில் மூண்ட கலகமே, கலெக்டர் இ. பி. தாம்சன் பாலம் அமைக்க முற்பட்டதற்குக் காரணம் என்பர்.

காப்டன் ஹார்ஸ்லி வகுத்த திட்டம், தலா அறுபதடி அகலமுள்ள பதினொரு வளைவுகளைக் கொண்டது. லண்டனில் 1817-இல் திறக்கப்பெற்ற வாட்டர்லூ பாலமே அதற்கு மாதிரி. அம்மூலப் பாலம் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது, நெல்லையில் உள்ளதோ இன்றும் பாரம் சுமக்கிறது.

செலவு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய். கம்பெனி சர்க்கார் கஜானாவைத் திறக்க முன்வராமையால், ஊராரிடம் நன்கொடை திரட்டும் பொறுப்பு, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியாரிடம் வந்தது. இவருடைய தந்தை இராமலிங்க முதலியார், கட்டபொம்மனோடு கம்பெனியார் பொருத காலத்தில் மேஜர் பானர்மனுக்குத் துபாஷாக விளங்கியவர். வீடுதோறும் சென்று குடிகளை வருத்த மனமில்லாத சுலோசன முதலியார், முழுத் தொகையையும் தாமே அளிக்கத் துணிந்தார். அவருடைய மனைவியாரும் தம் ஆபரணங்களை உவந்து ஈந்ததாக நெல்லையில் வழங்கும் செய்தி, அக்குடும்பத்தின் தியாகத்துக்கு ஏற்றதேயாகும். செல்வர்களின் தர்மம் பெரும்பாலும் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் குளத்துக்குமே சென்ற அக்காலத்தில், ஜாதி மத பேதமின்றி வழிப்போக்கர் யாவரும் நடக்கும் பாதைக்குத் தம் சொத்தை வழங்கிய இச்செயல், ஆட்சியாளர் செய்யத் தவறியதை ஊழியர் ஒருவர் செய்து காட்டியதாகையால், நம் நாட்டுப் பொதுப்பணி வரலாற்றில் தனிச்சிறப்புடையது.

1869-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி சிதைந்தது, இரண்டாண்டுகளுக்குள் செப்பனிடப்பட்டது. மாட்டுவண்டிகளுக்கென அமைந்த பாதை மோட்டார் வாகனங்களுக்குப் போதாமற்போகவே, 1960-களின் இறுதியில் அது அகலப்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் போக்குவரத்து நெருக்கடியைக் குறைக்க அருகிலேயே புதிய பாலமும் எழுந்தது.