பொதுச் சார்பியல், ஈர்ப்பியல் பன்னாட்டு மாநாடு – புனே, 1997

பொதுச் சார்பியல், ஈர்ப்பியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாட்டின் 15ஆவது கூட்டம் 1997 டிசம்பரில் மகாராட்டிர மாநிலம் புனேயில் நடைபெற்றது. அந்நகரிலுள்ள வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக இடை மையம் (ஐயூக்கா) இதை நடத்தியது. இந்தத் தொடரில் இந்தியாவில் நடந்த மாநாடு இது ஒன்றே. ஈர்ப்பியலில் இந்தியர்கள் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அடிப்படையான முடிவுகளைக் கண்டிருந்தனர். ஆனால் அவர்களுள் பலர் உலக ஆய்வாளர்களிடமிருந்து விலகி, தனித்தே உழைத்தவர்கள். அந்தத் தனிமை எவ்வாறு விலகியது என்பதை இம்மாநாட்டின் வரலாறு காட்டுகிறது.

மாநாட்டுத் தொடரின் தொடக்கம்

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1915இல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்டார். பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன, அந்த வளைவையே நாம் ஈர்ப்பு விசையாக உணர்கிறோம் என்பது அதன் சாரம். 1919 சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவது அளக்கப்பட்டதும் கோட்பாடு உலகப்புகழ் பெற்றது. ஆயினும் அதில் ஆய்வு செய்தோர் மிகச் சிலரே. அதன் விளைவுகள் மிக நுண்ணியவை. ஆய்வகத்தில் சோதிக்க வழியில்லை. இளைஞர்கள் குவாண்டம் இயற்பியலை நோக்கிச் சென்றனர்.

சார்பியலின் பொன்விழாவையொட்டி 1955 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு மாநாடு கூடியது. ஐன்ஸ்டீன் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் மறைந்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957 ஜனவரியில், பிரைஸ் டிவிட், செசில் டிவிட் தம்பதியர் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள சாப்பல் ஹில்லில் ஒரு மாநாட்டை ஏற்பாடு செய்தனர். இதுவே தொடரின் முதல் மாநாடாகக் கணக்கிடப்படுகிறது. பெர்ன் கூட்டத்துக்குச் சுழி எண் வழங்கப்பட்டுள்ளது.

ஈர்ப்பு அலை உண்டா, இல்லையா?

குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவது போல, பெரும் நிறைகள் முடுக்கத்துடன் இயங்கும்போது காலவெளியில் அலைகள் பரவும் என்று ஐன்ஸ்டீன் 1916இல் கணித்தார். 1936இல் அவருக்கே ஐயம் வந்தது. நாதன் ரோசனுடன் சேர்ந்து, அத்தகைய அலைகள் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்த பிழை சுட்டிக்காட்டப்பட்ட பின் முடிவை மாற்றி 1937இல் வெளியிட்டார். ஆனால் அந்த அலைகள் உண்மையில் ஆற்றலைக் கொண்டு செல்கின்றனவா, அல்லது கணக்கில் மட்டும் தோன்றுபவையா என்ற கேள்வி இருபது ஆண்டுகள் தீராமல் கிடந்தது.

சாப்பல் ஹில்லில் ஃபீலிக்ஸ் பிரானி அந்த அலையை எவ்வாறு அளக்கலாம் என்று விளக்கினார். அருகருகே உள்ள இரு பொருள்களின் இடைவெளி மாறுவதைக் கவனித்தால் போதும் என்பது அவர் கூறிய வழி. ரிச்சர்ட் ஃபைன்மன் அதை எளிய எடுத்துக்காட்டால் மேலே கொண்டு சென்றார். ஒரு கோலில் இரண்டு மணிகள் கோக்கப்பட்டுள்ளன. அவை சற்றே உராய்ந்தபடி நகரக்கூடியவை. ஈர்ப்பு அலை கடக்கும்போது மணிகள் முன்னும் பின்னும் நகர்ந்து கோலில் உராயும். உராய்ந்தால் கோல் சூடாகும். வெப்பம் என்பது ஆற்றல். அந்த ஆற்றலைத் தந்தது அலையே என்றால், அலை ஆற்றலைச் சுமந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

அந்த அரங்கில் இருந்த ஜோசப் வெபர் பின்னர் பெரிய அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பு அலையைப் பிடிக்க முயன்றார். 1969இல் பிடித்துவிட்டதாகவும் அறிவித்தார். மற்ற ஆய்வகங்களால் அதை உறுதிப்படுத்த இயலவில்லை. ஆயினும் கருவியமைத்துத் தேடும் முயற்சி அவரிடமிருந்தே தொடங்கியது.

1962இல் போலந்தின் வார்சாவில் நடந்த மூன்றாவது மாநாட்டில் சுப்பிரமணியன் சந்திரசேகர் கலந்துகொண்டார். விண்மீன்களின் ஆய்வில் புகழ்பெற்றிருந்த அவர், ஐம்பது வயதை ஒட்டிய அந்தக் காலத்தில்தான் பொதுச் சார்பியலில் முழுமையாக இறங்கினார். கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டைப் பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது.

தனித்து உழைத்த இந்தியர்கள்

பி. சி. வைத்யா குஜராத்தைச் சேர்ந்த கணித ஆசிரியர். 1942இல் காசிக்குச் சென்று வி. வி. நார்லிகரிடம் சார்பியல் பயின்றார். ஒளி வீசாத விண்மீனின் ஈர்ப்புப் புலத்துக்கு 1916இலேயே கார்ல் சுவார்சுசைல்டு தீர்வு கண்டிருந்தார். ஆனால் உண்மையான விண்மீன்கள் ஒளி வீசுகின்றன. அதனால் நிறையை இழக்கின்றன. அத்தகைய விண்மீனுக்குரிய தீர்வை வைத்யா 1943இல் வெளியிட்டார். 1963இல் குவேசார்கள் கண்டறியப்பட்ட பிறகே உலகம் அதைத் தேடிப் படித்தது.

கொல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌத்ரி வழிகாட்டி எவரும் இன்றிச் சார்பியலைத் தானே கற்றவர். விண்வெளியில் செல்லும் பொருள்களின் பாதைகள் ஈர்ப்பினால் எவ்வாறு ஒன்றையொன்று நோக்கிக் குவிகின்றன என்று கூறும் அவரது சமன்பாடு 1955இல் வெளிவந்தது. கோட்பாடே செயலிழந்து நிற்கும் புள்ளிகள் தவிர்க்க இயலாதவை என்று பின்னர் ரோஜர் பென்ரோசும் ஸ்டீவன் ஹாக்கிங்கும் நிறுவிய தேற்றங்களுக்கு இச்சமன்பாடு அடித்தளமானது.

பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா, அடிக்கப்பட்ட மணி ஒலித்து அடங்குவது போலக் கலைக்கப்பட்ட கருந்துளையும் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் காட்டினார்.

1969இல் இந்தியப் பொதுச் சார்பியல், ஈர்ப்பியல் சங்கம் தோன்றியதும் நாட்டுக்குள் சிதறிக் கிடந்த ஆய்வாளர்கள் ஒன்றுகூட வாய்ப்புக் கிடைத்தது. 1987இல் கோவாவில் ஈர்ப்பியல், அண்டவியல் குறித்த பன்னாட்டு மாநாட்டை இந்தியர்கள் தொடங்கி, அதனையும் ஒரு தொடராக்கினர்.

புனே மாநாடு

ஜெயந்த் நார்லிகர் நிறுவன இயக்குநராக இருந்து உருவாக்கிய ஐயூக்கா 1988இல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து தங்கி ஆய்வு செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிறிய ஊர்க் கல்லூரியில் பணிபுரியும் ஒருவர் உலகத்தர ஆய்வாளர்களோடு உரையாட அங்கே வழி இருந்தது. அந்த வளாகத்துக்கே உலக மாநாடு வந்தது பொருத்தமானது. அதன் உரைகளை நரேஷ் தாதிச்சும் ஜெயந்த் நார்லிகரும் தொகுத்து நூலாக்கினர்.

மாநாடு கூடிய வேளையில் அமெரிக்காவில் லைகோ என்னும் ஈர்ப்பு அலை உணரிகளின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், இரைச்சலுக்குள் புதைந்த அலையை அடையாளம் காண அதன் வடிவத்தை முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். இப்பணியில் இந்தியர்களின் பங்கு பெரிது. ஐயூக்காவின் சஞ்சீவ் துரந்தர், பி. எஸ். சத்தியபிரகாஷுடன் இணைந்து, தரவுகளிலிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் முறையை 1991இல் வகுத்தார். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயர், பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்பொருள்கள் எழுப்பும் அலைகளைத் துல்லியமாகக் கணக்கிட்டார்.

பின்விளைவு

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ முதல் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தது. சூரியனைப் போல ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதி ஒன்றானதன் அதிர்வு அது. நான்கு கிலோமீட்டர் நீளக் குழாயில் அது ஏற்படுத்திய மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தைவிட மிகச் சிறியது. பிரானியும் ஃபைன்மனும் 1957இல் பேசியது நேரடியாக மெய்ப்பட்டது. கண்டுபிடிப்பு 2016 பிப்ரவரி 11 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையில் பங்கேற்ற இந்திய நிறுவனங்களுள் சென்னைக் கணிதவியல் கழகமும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் இத்தொடரின் 21ஆவது மாநாடு நியூயார்க்கில் கூடியது.

மகாராட்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா உணரியை ரூ. 2,600 கோடிச் செலவில் அமைக்க மத்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் வழங்கியது. உலகின் பிற உணரிகளிலிருந்து வெகு தொலைவில் இது அமைவதால், அலை வானின் எத்திசையிலிருந்து வந்தது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். வைத்யாவின் காலத்தில் சார்பியல் கற்க விரும்பிய இளைஞர் சேமிப்பை எடுத்துக்கொண்டு காசிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சென்னையிலேயே இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொள்ளலாம்.