பாலைவனத்தில் ஒரு விமானம்

"தி ஒப்ஜெக்டிவ்" 2008இல் வந்த சின்னச் செலவுப் படம். இயக்கியவர் டேனியல் மைரிக், "பிளேர் விட்ச் புரொஜெக்ட்" எடுத்த ரெண்டு பேரில் ஒருத்தர். 2001 நவம்பர், ஆப்கானிஸ்தான். ஒரு சமயப் பெரியவரைத் தேடுறோம் என்று நம்பித்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் சிஐஏ ஆளோட போறாங்க. அவர் தேடுவது வேறு. தண்ணீர் தீருது, ஆட்கள் ஒவ்வொருத்தரா இல்லாமல் போறாங்க. பேய் எதுவென்று பார்த்தால், நம்ம "விமானம்"!

இதிகாசங்களில் அது தேவர்களின் ஊர்தி. அதற்கு இயந்திர விளக்கம் எழுதியது "வைமானிக சாஸ்திரம்". பரத்வாஜ முனிவர் தந்தது என்பார்கள். ஆனால் 1918க்கும் 1923க்கும் இடையில் சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் அந்த வடிவங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இதெல்லாம் பறக்காது என்று எழுதிட்டாங்க.

நமக்கும் இது தூரத்துக் கதையில்லை. பலாபத்வலவுக்குக் கிழக்குப் பக்கமா, நக்கிள்ஸ் மலைத்தொடரில் லக்கேகல என்றொரு கூர்மலை. இராவணனின் "தண்டு மொனர" அங்கேயிருந்துதான் கிளம்பியது என்பது ஊர்க்கதை. கதையாக இருக்கும்வரை அழகுதான். 2019இல் நாட்டின் முதல் செய்மதிக்கு "ராவணா 1" என்று பேர் வச்சாங்க, அதுவும் பரவாயில்லை. 2020 ஜூலையில் அரசின் விமானப் போக்குவரத்துத் தரப்பே, இராவணன் பற்றிய ஆவணம் இருந்தால் தாங்க என்று விளம்பரம் போட்டது. படத்திலும் இப்படித்தான், புராணம் அரசாங்கக் கோப்புக்குள் போயிடுது. அங்கே அதுக்காகச் செத்தவங்க சிப்பாய்கள். எதைத் தேடிப் போறோம் என்று புறப்படும்போது அவங்களுக்கு யாரும் சொல்லவேயில்லை.