திரும்பி வராத பூமராங்

1804 டிசம்பர் 23ஆம் தேதியிட்ட ‘சிட்னி கெஜட்’ இதழில் ஒரு சண்டைச் செய்தி இருக்கிறது. மேத்யூ ஃப்ளிண்டர்ஸின் கப்பலில் ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுற்றி வந்த பழங்குடி மனிதர் பங்கரி, துருக்கிய வாள்போல் வளைந்த ஒரு தடியை எறிந்தார். அது சுழன்று போய் எதிராளியின் வலக்கையில் பட்டது. பட்ட வேகத்தில் தெறித்து எழுபது, எண்பது கஜம் தள்ளி விழுந்தது. பூமராங் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றில் மிகப் பழையது இதுவே என்று பலரும் கொள்கின்றனர். பார்த்தவர்களை வியக்க வைத்தது தடியின் வேகமும் அது தந்த அடியும்தான். எறிந்தவர் கைக்கு அது மீண்டதாக அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

இன்று பூமராங் என்றாலே திரும்பி வருவது என்றுதான் பொருள். ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் செய்த வளைதடிகளில் பெரும்பாலானவை திரும்பாதவை. திரும்பவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்டவை. அரிதாக இருந்த ஒரு குணம் அந்தக் கருவியின் ஒரே அடையாளமாக மாறிய வரலாற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

கருவியோ மிகப் பழையது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பு நிலத்தில், கரிச்சேற்றுக்குள் மக்காமல் கிடந்த மரப் பூமராங்குகள் 1970களில் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். ஆனால் வளைதடி ஆஸ்திரேலியாவின் தனிச்சொத்தும் அல்ல. போலந்தின் ஒப்வாசோவா குகையில் 1985இல் கிடைத்த, மாமதத் தந்தத்தில் செதுக்கிய எறிதடிக்கு 2025இல் வெளிவந்த ஆய்வு சுமார் 40,000 ஆண்டு வயது தருகிறது. அதன் படிவத்தைச் செய்து எறிந்து பார்த்தபோது நன்றாகப் பறந்தது, திரும்பவில்லை. எகிப்தில் துத்தன்காமூன் கல்லறையிலும் எறிதடிகள் இருந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள நெபமூன் கல்லறை ஓவியத்தில், நாணற்புதரில் நிற்கும் கனவான் பறவைக் கூட்டத்தை நோக்கிக் கோலை ஓங்குகிறார்.

ஆஸ்திரேலிய வேட்டைத் தடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தச்சர் மரத்தை அறுத்து வளைப்பதில்லை. வேரும் அடிமரமும் சேரும் இடத்தில் இயல்பாகவே வளைந்திருக்கும் துண்டைத் தேடி எடுக்கிறார். நார் வளைவோடு ஓடினால்தான் தடி அடி தாங்கும். பாலைப்பகுதியில் இதற்கு முல்கா என்னும் வேலமர வகை பயன்பட்டது. கங்காருவை நோக்கி எறியும் கனத்த தடி தரையை ஒட்டிப் போய் அதன் காலை முறிக்கும். நடுப்பாலையின் வார்ல்பிரி மக்களிடம் 7 என்ற எண்ணைப் போல் கொக்கியுள்ள ஒரு வகை உண்டு. சண்டையில் எதிராளி கேடயத்தால் தடுத்தால், கொக்கி கேடயத்தில் மாட்டித் தடியின் மறுமுனை சுழன்று ஆளைத் தாக்கும்.

எறிவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதன் விளிம்பைக் காய்ந்த மரக் கேடயத்தின்மேல் ரம்பம்போல் இழுத்து நெருப்பு உண்டாக்கினார்கள். சுட்ட இறைச்சியைச் சாம்பலிலிருந்து கிளறி எடுத்தார்கள், குழி தோண்டினார்கள், கல் ஆயுதத்தின் மழுங்கிய விளிம்பைத் தட்டிக் கூராக்கினார்கள், இரண்டைச் சேர்த்துத் தட்டிப் பாட்டுக்குத் தாளம் போட்டார்கள். வடக்கே சில இடங்களில் பூமராங் எறியப்படவே இல்லை. பண்டமாற்றில் வந்து தாளக்கருவியாக மட்டும் இருந்தது. டாஸ்மேனியாவில் அது வழக்கத்திலேயே இல்லை. நாடோடியாக வாழ்பவர் சுமக்கும் பொருள் ஒவ்வொன்றும் பல வேலை செய்தாக வேண்டும் என்பதால், இதை ஆயுதம் என்று மட்டும் பட்டியலிடும் அருங்காட்சியகக் குறிப்புகள் எனக்கு நிறைவு தருவதில்லை.

திரும்பும் வகைக்கும் வேட்டையில் இடம் இருந்தது, ஆனால் விலங்கை அடிக்க அல்ல. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் நீர்நிலையின் குறுக்கே வலை கட்டிவிட்டு, வாத்துக் கூட்டம் வரும்போது அதற்கு மேலே பூமராங்கைச் சுழற்றி விடுவார்கள். பருந்து என்று அஞ்சிய பறவைகள் தாழ்ந்து பறந்து வலையில் விழும். தடி எதன்மீதும் படாமல் சுற்றி வந்துவிடும். இலக்கில் பட்டுவிட்டால் எந்தப் பூமராங்கும் திரும்பாது. அடிப்பதும் திரும்புவதும் ஒரே வீச்சில் நடக்கும் என்பது கேலிச்சித்திரக் கற்பனை.

திரும்புவதன் இயற்பியலை விரிவாகக் கணக்கிட்டவர் ஃபெலிக்ஸ் ஹெஸ். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1975இல் முனைவர் பட்டம் பெற்றவர். தடியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து எறியும்போது, சுழலும் இரு கைகளில் மேலே இருப்பது பறக்கும் திசையிலேயே நகர்வதால் காற்றை அதிக வேகத்தில் வெட்டுகிறது. அதன்மேல் காற்றின் தள்ளுவிசையும் கூடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வு தடியைச் சாய்க்கப் பார்க்கிறது. சுழலும் பம்பரம் சாயும்போது விழாமல் அதன் அச்சு வட்டமிடுமே, அதேபோல் இங்கும் சாய்வு திருப்பமாக மாறுகிறது. பாதை வளைந்து வட்டமாகிறது. இதற்குத் தடி இலேசாக இருக்க வேண்டும். இலேசான தடியால் கங்காருவை வீழ்த்த முடியாது. நல்ல வேட்டைத் தடி நேராகப் போகும்படி செதுக்கப்பட்டது இதனால்தான்.

அப்படியானால் திரும்பும் வகை எப்படி முந்திக்கொண்டது? வேடிக்கை பார்த்தவர்களால் என்பது என் முடிவு. 1868இல் விக்டோரியாவின் மேற்குப் பகுதிப் பழங்குடியினர் அடங்கிய கிரிக்கெட் அணி இங்கிலாந்து சென்று 47 ஆட்டங்கள் ஆடியது. 14 வெற்றி, 14 தோல்வி, 19 சமன். ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் ஈட்டியும் பூமராங்கும் எறிந்து காட்டினார்கள். சார்லி டூமாஸ் எறிந்த பூமராங்கைப் பார்க்கக் கூட்டம் காத்திருந்தது. மைதானத்தில் கங்காரு கிடையாது. காட்ட முடிந்தது திரும்புவதை மட்டுமே. பிறகு சிட்னியின் லா பெரூஸ் கரையில் பயணிகளுக்கு விற்பதற்காகப் பூமராங் செய்யும் குடும்பங்கள் உருவாயின. அவர்களில் ஒருவரான ஜோ டிம்பெரி 1954இல் எலிசபெத் அரசியின் முன் எறிந்து காட்டினார். பழங்குடி உரிமைப் போராளி பில் ஓனஸ் 1952இல் மெல்போர்ன் அருகே பெல்கிரேவில் கடை திறந்து இதையே ஒரு பிழைப்பாகவும் பேசுவதற்கான மேடையாகவும் ஆக்கிக்கொண்டார். சந்தை அதோடு நிற்கவில்லை. இந்தோனேசியாவில் செய்த பூமராங் முதலிய பொருள்களைப் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

உருவகம் இந்த வேடிக்கையிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில், சொன்னவனையே திருப்பித் தாக்கும் வாதத்துக்குப் பூமராங் என்று பெயர் வந்துவிட்டது. இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்கிறது. வாத்து வேட்டைக்காரர் தடி தன்னிடம் வரவேண்டும் என்றே எறிந்தார், அது அவருடைய கைத்திறன். உருவகத்திலோ எறிந்தவன் ஏமாளி. தடி வருவது அவன் அறியாத ஒன்று. உளவியலாளர் ஹோவ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 1953இல், கேட்பவரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் பிரச்சாரத்தைப் பேசியபோது இதே படிமத்தைப் பயன்படுத்தினார்கள். அதைவிடக் கனமான பயன்பாடு அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டுடையது. 1951இல் வந்த சர்வாதிகாரம் பற்றிய நூலில், குடியேற்ற நாடுகளில் பழகிய ஆட்சிமுறை ஐரோப்பாவுக்கே மீள்வதைப் பூமராங் விளைவு என்றார். அதற்கு ஓராண்டு முன்பே மார்த்தினிக் கவிஞர் எமே செசேர், அல்ஜீரிய அரேபியருக்கும் இந்தியக் கூலிகளுக்கும் ஆப்பிரிக்கக் கறுப்பருக்கும் என்று ஒதுக்கிய கொடுமையை ஹிட்லர் ஐரோப்பியர்மேல் ஏவினார் என்று எழுதியிருந்தார். பேரரசால் நிலம் இழந்தவர்களின் கருவி, பேரரசின் குற்றத்துக்குப் பெயராயிற்று. அந்த நூல்களில் அந்தக் கருவியைச் செய்தவர்களின் குரல் மட்டும் இல்லை.

கிரிக்கெட் அணி போன அதே 1868இல், பின்னாளில் பிட் ரிவர்ஸ் என்று பெயர்பெற்ற அதிகாரி லேன் ஃபாக்ஸ் லண்டனில் ஆதிகாலப் போர்க்கருவிகள் பற்றி உரையாற்றினார். ஆஸ்திரேலியா, எகிப்து, தக்காணம் மூன்றின் வளைதடிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது அவர் வாதம். உயிரியலாளர் ஹக்ஸ்லியின் இனப்பகுப்பு அதற்குத் துணை. எகிப்தியத் தடிக்குப் படிவம் செய்து வார்ம்வுட் ஸ்கரப்ஸ் திடலில் தாமே எறிந்து பழகவும் செய்தார். வளைந்த மரம் எங்கும் வளரும், சிறு விலங்கு எங்கும் ஓடும். ஒரே கருவி பல இடங்களில் தனித்தனியே தோன்றலாம் என்பதை அவருடைய கோட்பாடு ஏற்கவில்லை.

இப்படித்தான் நம் வளைதடியான வளரி பூமராங் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. அதைப் பற்றிய நேரடிச் சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி. சின்ன மருது தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத் தந்ததாகவும், தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் எழுதினார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையங்களில் ஆயுதங்களுக்குத் தடை போட்டது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளில் புதுக்கோட்டை திவானின் விவரணை இருக்கிறது: பிறைவடிவம், ஒரு முனை கனம், வெளிவிளிம்பு கூர், இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்குமேல் சுழற்றி விடுவது. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அப்போதும் எப்போதாவது எறிந்தார்களாம். மற்றபடி அது பூசையறையில் இருந்து ஆயுத பூசை நாளில் வெளியே வந்தது. கள்ளரில் ஒரு பிரிவார் திருமணத்தில் வளைதடி மாற்றிக்கொண்டதையும் தர்ஸ்டன் குறித்தார்.

வெல்ஷும் சரி, திவானும் சரி, வளரி திரும்பி வரும் என்று எழுதவில்லை. இன்று மேடைகளிலும் காணொளிகளிலும் அது எதிரியின் தலையைக் கொய்துவிட்டு வீரனின் கைக்கே மீள்கிறது. ஒரு முனை கனத்து, வெளிவிளிம்பு தீட்டப்பட்ட இரும்புப் பிறையை வெறுங்கையால் பிடிப்பது எப்படி என்று அந்தக் காணொளிகள் விளக்குவதில்லை.