தங்கவயல் கற்பித்த பாடம்

பெங்களூர் பிரேசர் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பழங்கதை பேசுமிடத்துக் கோலார் தங்கவயலின் பெயர் எழாமலிராது. சுரங்கத்தில் உழைத்த பாட்டனாரைப் பற்றிய கதைகளினூடே, பூமியின் ஆழத்தில் பாறை தானாகவே வெடித்த செய்தியும் வரும். அவ்வெடிப்பும் நாடு நகரங்களை நடுக்கும் பூகம்பமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதைப் பலர் அறியார்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு நவீன முறையில் சுரங்க வேலையை மேற்கொண்டனர். வட ஆர்க்காட்டுத் தமிழர் பெருந்தொகையினராய்ச் சென்று உழைத்தனர். ஆழம் பெருகப் பெருக ஆபத்தும் பெருகிற்று. பாறை வெடிக்குங்கால் காற்று வேகமாக மோதியமையால், அதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றே அழைத்தனர். மைசூர் சமஸ்தானத்தின் பூகர்ப்ப நிபுணரான டபிள்யூ. எப். ஸ்மீத், இவ்வெடிப்புகளையும் அதிர்ச்சிகளையும் பற்றி 1904-இல் தனி வெளியீடு ஒன்று எழுதினார்.

காற்று விளைவேயன்றிக் காரணமன்று. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பாறையும் சுமார் 800 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகின்றது. தாதுவை வெட்டியெடுத்தபின் அப்பாரம் எஞ்சிய பாறையின்மீது சாய்கின்றது. வளைத்த வில்லைப்போல் விசையைச் சேர்த்துவைத்த பாறை, தாங்கமாட்டாத கணத்தில் சிதறுகின்றது.

1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரைக் குலைத்த பூகம்பத்தை ஆராய்ந்த ஹாரி பீல்டிங் ரீட், 1910-இல் இதையொத்த விளக்கமே தந்தார்: பூமியின் பிளவுக்கு இருபுறமும் நிலம் நெடுங்காலம் வளைந்து, பின் சட்டென நழுவி நிமிர்கின்றது. 1966-இல் பிரேஸ், பையர்லீ என்னும் இரு விஞ்ஞானிகள் சோதனைச்சாலையில் கருங்கல்லை அழுத்திப் பார்த்தனர். பாறையின் முகங்கள் சீராக வழுக்கவில்லை. பற்றி நின்று, திடீரென நழுவின. பூகம்பமும் அவ்வாறே நிகழக்கூடும் என்றனர்.

தங்கவயலிலோ, வெட்டிய வெளிகளைக் கருங்கற்சுவராலும் பின்னாளில் கான்கிரீட்டாலும் நிரப்பிப் பாரத்தைத் தாங்கச்செய்தனர். அதிர்ச்சிகளைக் கருவிகளால் அளந்தனர். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தோன்றிற்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது.

பாறை எங்கே வலுவிழக்கும் என்பதை இன்று ஓரளவு கூறலாம். எந்த நாளில், எந்த நாழிகையில் என்று கூற இயலாது. நேயர்களே! நாம் பெற்ற இச்சிறிய அறிவுக்கும் விலை உண்டு. அணைகளுக்கும் குகைப்பாதைகளுக்கும் இன்று பயன்படும் பாறை நூலின் ஒரு பகுதி, இருளில் இறங்கித் திரும்பாத தொழிலாளரின் உயிரால் எழுதப்பட்டது. அவர்களை நினைவுகூர்தல் நம் கடன்.